நடந்தால் என்ன நடக்கும்?

2018 ஆகஸ்ட் 20. ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில், நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வெளியே பதினைந்து வயசுப் பெண் ஒருத்தி தன்னந்தனியாக வந்து உட்கார்ந்தாள். பக்கத்தில் ஓர் அட்டை. ‘பருவநிலைக்காகப் பள்ளி வேலைநிறுத்தம்’ என்று அதில் எழுதியிருந்தது. முதல் நாள் அவளோடு சேர்ந்து உட்கார ஒரு ஆள் இல்லை. அந்தப் பெண்தான் கிரெட்டா துன்பர்க்.

பதின்மூன்றே மாதம்! 2019 செப்டம்பர் 20 முதல் 27 வரை, ஒரே வாரத்தில், உலகம் முழுக்க 70 லட்சம் பேருக்கு மேல் தெருவில் இறங்கி நடந்தார்கள் என்று அமைப்பாளர்கள் கணக்குச் சொன்னார்கள். அதற்கு முன்பே, 2014 செப்டம்பரில் நியூயார்க் நகரத்தில் மூன்று லட்சம் பேருக்கு மேல் நடந்திருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே கோரிக்கைதான். ‘பூமி சூடாகிறது. ஏதாவது செய்யுங்கள்!’

‘சரி சார், இத்தனை பேர் நடந்தார்களே... வெயில் குறைந்ததா?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. மே மாதம் மத்தியானம் சேலம் பழைய பஸ் ஸ்டாண்டில் குடை இல்லாமல் நின்ற யாருக்கும் இப்படித்தான் கேட்கத் தோன்றும். கேலியாகக் கேட்டாலும் கேள்வி நியாயமானது. கூட்டமாக நடந்து போவதால் என்னதான் நடக்கும்?

இதற்குப் பதில் தேடி நியூயார்க் வரைக்கும் போகவேண்டியதில்லை. சேலம், நாமக்கல் சமவெளியின் சரித்திரத்திலேயே இருக்கிறது. கொஞ்சம் பின்னால் போவோம்.

1876. தமிழ்க் கணக்கில் தாது வருஷம். ‘தாது வருஷப் பஞ்சம்’ என்று கொள்ளுத்தாத்தா காலத்துப் பேச்சில் நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். எங்கேயோ பசிபிக் மகாசமுத்திரத்தில் தண்ணீர் வழக்கத்துக்கு மேல் சூடானது. ‘எல் நினோ’ என்று இன்று நாம் சொல்கிற சமாச்சாரம். அதன் விளைவு இங்கே தெரிந்தது. பருவமழை பொய்த்தது. ஏரி வற்றியது, கிணறு வற்றியது, மாடு செத்தது, அப்புறம் மனுஷன்.

இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அன்றைக்கு ஒரே சேலம் ஜில்லா. 1871-ல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் இந்த ஜில்லாவில் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1881-ல் எண்ணிப் பார்த்தபோது சுமார் 16 லட்சம்தான்! கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவரைக் காணோம். நிறையப் பேர் செத்துப்போனார்கள். உயிரோடு இருந்தவர்களில் பலர் இலங்கைக்கும் மலைத் தோட்டங்களுக்கும் கூலிகளாகப் போனார்கள்.

பசித்தவனுக்குச் சும்மா சோறு போட்டால் சோம்பேறி ஆகிவிடுவான் என்று பயந்தது வெள்ளைக்கார சர்க்கார். 1877-ல் அது அனுப்பி வைத்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நாளெல்லாம் மண் சுமக்கிற ஆம்பிளைக்கு ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் தானியம் போதும் என்று கணக்குப் போட்டார். அதற்கும் ஒரு நிபந்தனை. திடகாத்திரமான ஆள் தன் வீட்டிலிருந்து பத்து மைலுக்கு அப்பால் போனால்தான் நிவாரண வேலை! திடகாத்திரம் எங்கே மிச்சமிருந்தது என்று கேட்காதீர்கள். நிஜமாகவே பசிக்கிறவன்தான் அவ்வளவு தூரம் வருவான் என்பது அவர்கள் தர்க்கம். அதே சமயம் துறைமுகங்களிலிருந்து இங்கிலாந்துக்குத் தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது.

ஆகவே ஜனங்கள் நடந்தார்கள். சாலை நெடுக நடந்தார்கள். பருவநிலை கெட்டதற்காக நம்ம சமவெளி நடந்த முதல் பெருநடை என்று இதைத்தான் சொல்லவேண்டும். கொடி கிடையாது, பாட்டு கிடையாது. வழியில் விழுந்தவர்களின் பெயரைக்கூட யாரும் குறித்து வைக்கவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். மனிதர்கள் கூட்டமாக நடப்பதில் இரண்டு தினுசு உண்டு. வேறு வழியில்லாமல் நடப்பது ஒன்று. அந்த நிலைமை வந்துவிடக் கூடாது என்று முன்கூட்டியே நடப்பது இன்னொன்று. முதல் தினுசு நடந்த அதே சமவெளிதான், அடுத்த அரை நூற்றாண்டு முடிந்தபோது இரண்டாவது தினுசுக்கு ஒரு தலைவரையும் ஒரு பாட்டையும் கொடுத்தது.

தலைவர் ராஜாஜி. (ஆமாம், சேலத்து வக்கீல்தான்!) 1878-ல், அந்தப் பஞ்சம் ஓய்கிற நேரத்தில், அன்றைய சேலம் ஜில்லா தொரப்பள்ளியில் பிறந்தவர். சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தி, 1917-ல் சேலம் நகராட்சித் தலைவரானவர். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு 1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் ஆரம்பித்தார்.

பாட்டு எழுதியவர் மோகனூர் ராமலிங்கம் பிள்ளை. காவிரிக்கரை ஊரான மோகனூரில், போலீஸ்காரர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். நாமக்கல் கவிஞர் என்றால்தான் உங்களுக்குப் பழக்கம். பல்லவி உங்களுக்கே தெரியும், நான் எடுத்துக் கொடுக்கவேண்டியதில்லை. போலீஸ்காரர் மகன் எழுதிய பாட்டைப் பாடிக்கொண்டு போலீஸ் தடியடியை எதிர்கொள்ளப் போனது அந்தக் கூட்டம்!

1930 மார்ச் 12-ம் தேதி சபர்மதியிலிருந்து காந்தி கிளம்பி, 24 நாளில் 240 மைல் நடந்து தண்டி கடற்கரைக்குப் போனதும், ஏப்ரல் 6-ல் ஒரு பிடி உப்பை எடுத்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 13-ம் தேதி, திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் வேதாரண்யத்துக்குக் கிளம்பினார்கள். தூரம் 150 மைல். சித்திரை வெயில். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று ஊர் ஊராகப் போகவேண்டும்.

நூறு பேர் நடந்தால் சாம்ராஜ்யம் ஆடிப்போய்விடுமா என்ன? தஞ்சாவூர் கலெக்டர் ஜே.ஏ. தார்ன் மட்டும் இந்த விஷயத்தை நம்மைவிட நன்றாகப் புரிந்துகொண்டார். நடக்கிறவர்களை அவர் தொடவில்லை. மாறாக, பத்திரிகையிலும் துண்டுப் பிரசுரத்திலும் ஓர் எச்சரிக்கை விட்டார். இந்த ஆட்களுக்கு யாராவது சாப்பாடு போட்டாலோ, தங்க இடம் கொடுத்தாலோ ஜெயில், அபராதம்!

பார்த்தீர்களா சாமர்த்தியத்தை? ஊர்வலத்தின் உயிர் நடப்பவன் காலில் இல்லை, வேடிக்கை பார்ப்பவன் வீட்டு அடுப்பில் இருக்கிறது என்பதைக் கலெக்டர் கண்டுபிடித்துவிட்டார். அடுப்பை அணைத்தால் நடை தானாக நின்றுவிடும்.

அடுப்பு அணையவில்லை. கும்பகோணத்தில் பந்துலு ஐயர் என்பவர் மொத்தக் கூட்டத்தையும் தன் வீட்டில் இரண்டு நாள் தங்கவைத்துச் சாப்பாடு போட்டார். அதற்காக ஆறு மாதம் ஜெயிலுக்குப் போனார். வெளிப்படையாகச் செய்யத் தைரியம் போதாதவர்கள், சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போனார்கள் என்று சொல்வார்கள். யார் கட்டினார்கள் என்று கேட்டால் மரத்தையா கைது செய்வது? வேதாரண்யத்தில் வைரப்பன் என்கிற நாவிதர், சவரம் செய்துகொள்ள வந்தவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதியில் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அவரும் ஜெயிலுக்குப் போனார். இன்றைக்கு வேதாரண்யத்தில் அவருக்கு நினைவுத்தூண் இருக்கிறது.

ஏப்ரல் 28-ல் கூட்டம் வேதாரண்யம் வந்து சேர்ந்தது. 30-ம் தேதி ராஜாஜி உப்பு அள்ளினார், கைதானார், ஆறு மாதத் தண்டனை பெற்றார். ஜனங்களுக்கு அரசாங்கத்தின் மேல் பக்தி என்று ஏதாவது இருந்திருந்தால் அது செத்துப்போய்விட்டது என்ற கருத்தில் கலெக்டர் தார்ன் மேலிடத்துக்கு எழுதினார். நல்ல அதிகாரி, உண்மையை எழுதினார்.

உப்பு வரி என்ன ஆயிற்று என்கிறீர்களா? உடனே போகவில்லை! அது முழுசாக ஒழிந்தது 1947-ல்தான். இடையில் 17 வருஷம். நடந்த நாளன்று உப்பு விலை ஒரு தம்பிடிகூடக் குறையவில்லை. மாறியது விலை அல்ல, சாலையோரத்து ஜனங்கள். அதுவரை ‘நமக்கேன் வம்பு’ என்று திண்ணையில் உட்கார்ந்திருந்தவன், ஒரு பொட்டலம் சோறு கட்டிய ராத்திரியிலிருந்து வேறு ஆளாகிவிட்டான்.

சுதந்திரம் வந்த பிறகு மலைக்காகவும் கடலுக்காகவும் நடக்க ஆரம்பித்தார்கள். 1987 நவம்பரில் மேற்குத்தொடர்ச்சி மலையைக் காப்பாற்றுங்கள் என்று ஒரு கூட்டம் கன்னியாகுமரியிலிருந்தும், இன்னொன்று வடக்கே நவாப்பூரிலிருந்தும் கிளம்பி, நூறு நாள் மலையோரமாகவே நடந்து கோவாவில் சந்தித்தன. 1989-ல் மீனவர்கள் நடந்தார்கள். தண்ணீரைக் காப்போம், உயிரைக் காப்போம் என்ற முழக்கத்தோடு கிழக்குக் கரையிலும் மேற்குக் கரையிலும் புறப்பட்ட இரண்டு அணிகள் மே 1-ம் தேதி கன்னியாகுமரியில் சேர்ந்தன. கடைசியில் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. ‘பருவநிலை மாற்றம்’ என்ற வார்த்தை நம் பத்திரிகைகளுக்கு வந்து சேராத காலம் அது.

சேர்வராயன் மலை, கொல்லிமலை, கல்வராயன் எல்லாம் கிழக்குத்தொடர்ச்சி. அண்ணன் மேற்குமலைக்குக் கிடைத்த பேரும் புகழும் இந்தத் தம்பிக்குக் கிடைக்கவில்லை. ஆனால் இங்கேயும் ஒரு நாள் வந்தது.

2018-ல் சேலம்-சென்னை எட்டுவழிச் சாலைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 277 கிலோமீட்டர், சுமார் 10,000 கோடி ரூபாய், ஐந்து மாவட்டங்கள். திட்டத்துக்கு வைத்த பெயர் ‘பசுமைவழிச் சாலை’! பயண நேரம் பாதியாகும், டீசல் மிச்சமாகும், விபத்து குறையும் என்றது அரசு. அந்த வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. நிலத்துக்காரர்களுக்கோ அந்தக் கோட்டில் தெரிந்தது தென்னை, கிணறு, வீடு, பக்கத்து மலைக்காடு. அளவுக்கல் நட அதிகாரிகள் வயலுக்கு வந்தபோது ஜனங்கள் குறுக்கே நின்றார்கள், அழுதார்கள், கைதானார்கள். அந்த வருஷம் ஆகஸ்டில் திருவண்ணாமலையிலிருந்து சேலத்துக்கு நடைபயணம் கிளம்பிய மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்களைப் போலீஸ் கிளம்பிய வேகத்திலேயே கைது செய்தது. 1930-ல் தார்ன் செய்யத் தயங்கியதை இவர்கள் முதல் நாளே செய்துவிட்டார்கள்.

2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் ஆரம்ப அறிவிக்கை செல்லும் என்றது. கூடவே, பதிவேடுகளில் மாற்றிய நிலங்களைத் திரும்ப விவசாயிகள் பெயரிலேயே எழுதச் சொன்னது. சட்டம் அப்படியும் இப்படியும் போனது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வயலில் நின்றவர்கள் கார்பன் என்றோ, பருவநிலை என்றோ பேசவில்லை. ‘என் கெணறு’ என்றார்கள். எல்லாருக்கும் புரிந்தது.

இங்கேதான் நம்ம விஷயத்தின் முடிச்சு. காந்தி எதற்காக உப்பைப் பிடித்தார்? குழந்தைக்கும் தெரியும், கிழவிக்கும் தெரியும், கையில் எடுத்துக் காட்டலாம். பூமியைச் சூடாக்குகிற கரியமில வாயுவை எந்தக் கையில் அள்ளிக் காட்டுவது? ஹவாய் தீவில் மௌனா லோவா மலையில் 1958-ல் அளக்க ஆரம்பித்தபோது, பத்து லட்சம் பங்கு காற்றில் அது சுமார் 315 பங்கு இருந்தது. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. பயங்கரமான செய்திதான். ஆனால் இந்தக் கணக்கைச் சொல்லி எடப்பாடியில் ஒரு ஆளைத் திண்ணையை விட்டு எழுப்ப முடியுமா?

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரிசு. 1930-ல் எதிரி கடல் தாண்டி வந்தவன். இப்போது? தென்னிந்தியாவில் ஓடுகிற காஸ் டேங்கர் லாரிகளில் பெரும்பகுதி நாமக்கல்காரர்களுடையது. இந்தியா பூராவும் பூமியைத் துளைக்கிற ‘ரிக்’ வண்டிகளில் ஏராளமானவை திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பியவை. மழை பொய்த்தால் திருச்செங்கோட்டுக்கு வேலை கூடும். இன்னும் ஆழம், இன்னும் டீசல்! மேட்டூரில் நிலக்கரியை எரித்துத்தான் மின்சாரம் வருகிறது. அந்த மின்சாரத்தில்தான் இதைப் படிக்கிற உங்கள் ஃபேனும் சுற்றுகிறது. ஊர்வலத்தில் நடக்கிறவரும் நாமேதான், எச்சரிக்கை விட்ட தார்னும் நாமேதான்.

அதற்காகச் சும்மா இருந்துவிட முடியுமா? முடியாது என்று சூடே சொல்கிறது. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இரைக்கத்தான் தெரியும். வெயில் ஏற ஏறத் தீனி குறைகிறது, முட்டை சிறுக்கிறது, ஓடு மெலிகிறது. நாமக்கல் பண்ணைக்காரரைக் கேளுங்கள், சித்திரை வந்தால் அவர் தூங்குவதில்லை. மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்குகிற வருஷங்களில், பண்ணவாடிப் பக்கம் முழுகிப்போன பழைய கோயிலின் நந்தி வெளியே தலைகாட்டும். 2016-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி மாநிலமாக அறிவித்தார்கள். அடுத்த வருஷமே, 2018-ல், அதே அணை நிரம்பி வழிந்து காவிரிக் கரையோர வீடுகளில் தண்ணீர் புகுந்தது. ஒரு வருஷம் நந்தி, ஒரு வருஷம் வெள்ளம். தாது வருஷம் எங்கேயும் போய்விடவில்லை.

ஆக, நம்ம ஊர் ஊர்வலத்துக்கு உப்பு எது? கையில் அள்ளுகிற மாதிரி ஒன்று இருக்கிறது. ஏரித் தண்ணீர். ஒரு காலத்தில் சேலம் நகரத்துக்கே குடிக்கக் கொடுத்தது பனமரத்துப்பட்டி ஏரி. பிற்பாடு வறண்டு, கருவேலம் மண்டிக் கிடந்தது. அதே சேலத்தில், 2010-ல் நகரவாசிகள் ஒன்றுசேர்ந்து மூக்கனேரியைச் சுத்தம் செய்து, ஏரி நடுவில் மண் திட்டுகள் போட்டு மரம் நட்டார்கள். பறவைகள் வந்தன. உலகத்துச் சூட்டை ஒரு ஏரி குறைத்துவிடாது. தண்டியில் அள்ளிய ஒரு பிடி உப்பும் வரியைக் குறைக்கவில்லையே! ஆனால் மண்வெட்டியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குள் இறங்கியவன், மறுநாள் எங்கே நிலக்கரி எரிகிறது, எந்த பஸ் வரவில்லை, எந்த மரம் வெட்டப்படுகிறது என்று கேட்க ஆரம்பிப்பான். பெரிய ஊர்வலங்கள் அங்கேதான் உற்பத்தியாகின்றன.

எனவே, நடந்தால் வெயில் குறையுமா என்று கேட்டவருக்குப் பதில் இதுதான்: அன்றைக்குக் குறையாது. அன்றைக்கு வேறொன்று நடக்கும். சாலையோரத்தில் நிற்கிற உங்களிடம் ஊர்வலம் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் போகும். நீங்கள் கூடவே நடக்கத்தான் வேண்டும் என்பதில்லை. மூட்டு வலியாக இருக்கலாம், லாரி லோடு ஏற்றவேண்டியிருக்கலாம், பரீட்சை இருக்கலாம். ஆனால் அடுத்த தடவை நாலு ரோட்டில் பத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அட்டையைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நடந்து வந்தால், ‘இதுங்களுக்கு வேற வேலையில்லை’ என்று ஹாரன் அடிப்பீர்களா, வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஒரு பாட்டில் தண்ணீர் கொடுப்பீர்களா?

வேதாரண்யத்துக்கு நடந்த நூறு பேரில் முக்கால்வாசிப் பேரின் பெயர் இன்று நம்மில் யாருக்கும் தெரியாது. இரண்டு நாள் சோறு போட்ட பந்துலு ஐயர் பெயர் தெரிகிறது.